சாவி யார் பையில் இருக்கிறது?

மர அறுவை மில்லில் ஒருவருக்குக் கை போனால் மறுநாள் ஊரில் ஒரே பேச்சுதான் இருக்கும். "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்." முதலாளி அதைச் சொல்வார். மேஸ்திரி சொல்வார். பார்க்க வந்த உறவுக்காரர்கள் சொல்வார்கள். கட்டுப் போட்ட கையோடு படுத்திருப்பவரும், "என் கெட்ட நேரம், அசந்துட்டேன்" என்பார். அவரே ஒப்புக்கொண்டபின் வேறு யார் என்ன பேசுவது? 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். மில் மறுபடி ஓடுகிறது. எந்த சுவிட்சைப் போட்டதால் அந்த இயந்திரம் சுழன்றதோ, அந்த சுவிட்ச் அதே சுவரில், யாரும் எப்போதும் தொடக்கூடியதாக அப்படியே இருக்கிறது.

இத்தனை பேர் ஒத்துப்போகும் கருத்தை மறுக்கத்தான் இதை எழுதுகிறேன். கவனக்குறைவு என்ற தீர்ப்பு பல விபத்துகளில் பொய். பொய்யாக இல்லாத இடத்திலும் அதனால் அடுத்த விரலைக் காப்பாற்ற முடிவதில்லை. பழுது பார்க்கவோ சுத்தம் செய்யவோ ஒருவர் கைவைத்திருக்கும்போது இயந்திரம் ஓடத் தொடங்குவதைத் தடுக்க உறுதியான வழி ஒன்று உண்டு. அந்த இயந்திரத்துக்கு மின்சாரம் வரும் சுவிட்சை அணைத்து, வேலை செய்பவர் தன் பூட்டைத் தானே மாட்டி, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வது. இயந்திரத்தில் மிச்சமிருக்கும் விசையையும் வெளியேற்றிவிட்டு, ஓடவில்லை என்பதைச் சோதித்துப் பார்த்தபின் கையை உள்ளே விடுவது. வேலை முடிந்ததும் அவரே வந்து திறப்பது. இதைச் செய்யாத மில்லில் நடக்கும் இத்தகைய விபத்துக்குப் பொறுப்பு, அடிபட்டவரின் கவனத்தில் இல்லை; மில்லை நடத்தும் முறையில் இருக்கிறது.

ஓடும் ரம்பத்தில் மரத்தைத் தள்ளும்போது விரல் மாட்டுவது வேறு வகை விபத்து. அதற்குக் காப்புத் தகடு வேண்டும், கைக்குப் பதிலாகத் தள்ளுகட்டை வேண்டும். நான் இங்கே பேசுவது நின்றிருந்த இயந்திரம் ஓடிய விபத்தைப் பற்றி. 'கவனக்குறைவு' என்ற சொல் கொஞ்சமும் பொருந்தாத விபத்து இதுதான்.

செங்கோட்டைப் பக்கம் போனவர்கள் வரிசையாக அறுவை மில்களைப் பார்த்திருப்பார்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டுத் தடியானாலும், உள்ளூர் வேம்பு, மா, வாகையானாலும், பெரிய தடியைப் பிளக்கும் இயந்திரம் பெரும்பாலும் பேண்ட் சாதான். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கனத்த இரும்புச் சக்கரங்கள். அவற்றைச் சுற்றி வளையமாக ஓடும் பட்டை ரம்பம். கீழ்ச் சக்கரம் தரைமட்டத்துக்குக் கீழே குழிக்குள் இறங்கியிருக்கும். மோட்டார் பெல்ட் வழியாக அதைத்தான் சுழற்றுகிறது. பிளேடு சில மணி நேரம் அறுத்ததும் மழுங்கிவிடும். கழற்றி வேறு மாட்டவேண்டும். குழியில் மரத்தூள் குவியும், அள்ளவேண்டும். பச்சை மரத்தின் பிசின் சக்கரத்தில் ஒட்டும், சுரண்டவேண்டும். பெல்ட் தளரும், பேரிங்குக்குக் கிரீஸ் வைக்கவேண்டும். இவை எப்போதாவது வரும் வேலைகள் அல்ல. மில்லில் தினமும் யாராவது ஒருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையை விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

குழியருகே குனிந்திருப்பவருக்கு ஸ்டார்ட்டர் தெரியாது. அது தூணுக்கு அந்தப் பக்கம், அறுத்து அடுக்கிய பலகைகளுக்குப் பின்னால் சுவரில் இருக்கும். ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் நிற்பவருக்குக் குழி தெரியாது. பக்கத்திலேயே சர்க்குலர் ரம்பம் ஓடும் சத்தத்தில் ஒருவர் கத்துவது இன்னொருவர் காதில் விழாது. டீ குடித்துவிட்டு வந்த ஹெல்பர், அடுத்த தடி டிராலியில் ஏற்றியாகிவிட்டதைப் பார்க்கிறார். மிஷின் நிற்கிறது. ஆள் யாரும் கண்ணில் படவில்லை. பச்சைப் பொத்தானை அழுத்துகிறார். அது அவர் தினமும் செய்யும் வேலை.

இதில் யார் கவனக்குறைவாக இருந்தார்கள்? குனிந்திருந்தவர் மிஷினை நிறுத்திவிட்டுத்தான் இறங்கினார். கண்ணும் கையும் செய்யும் வேலையில் இருந்தன. அந்த வேலைக்கு வேண்டிய கவனம் அதுதான். பொத்தானை அழுத்தியவர் தனக்குத் தெரிந்ததை வைத்துத் தன் வேலையைச் செய்தார். இருவரும் கவனமாக இருந்தும் ஒரு கை போகிறது. ஒருவர் மனத்தில் இருந்த செய்தி இன்னொருவர் மனத்துக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். ஒருவரை எவ்வளவு கவனமாக இருக்கச் சொன்னாலும், அவரால் இன்னொருவரின் விரலைக் கட்டுப்படுத்த முடியாது. பூட்டினால் முடியும். அந்த ஹெல்பர் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் மிஷின் அசையாது. ஏன் அசையவில்லை என்று போய்ப் பார்ப்பார். பூட்டில் பெயர் இருக்கும்.

"ஸ்டாப் பண்ணிட்டோமே, அது போதாதா?" என்பது இந்தத் தொழிலில் பரவியிருக்கும் அடுத்த நம்பிக்கை. போதாது. சிவப்புப் பொத்தான் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நேரடியாக வெட்டுவதில்லை. ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் காண்டாக்டரின் காயிலுக்குப் போகும் சிறிய மின்னோட்டத்தை மட்டும் நிறுத்துகிறது. அதனால் காண்டாக்டர் பிரிகிறது. மூன்று பேஸும் ஸ்டார்ட்டர் வரை வந்து காத்துக்கொண்டுதான் இருக்கின்றன. பொத்தானை யார் அழுத்தினாலும், கன்ட்ரோல் வயரில் பழுது ஏற்பட்டாலும் அவை மோட்டாருக்குள் பாயலாம். அவசரத்துக்கு அடிக்கும் காளான் வடிவப் பொத்தானும் பல மிஷின்களில் இதே கன்ட்ரோல் வயரில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஓடும் மிஷினை உடனே நிறுத்த அது மிக நல்லது. கையை உள்ளே விட அதை நம்பக்கூடாது.

மின்தடையின்போதோ இந்த நம்பிக்கை இன்னும் ஆபத்தாகிறது. கரண்ட் போனதும் "இப்பத்தான் நேரம்" என்று தூள் அள்ள இறங்குவது வழக்கம். ஒழுங்கான ஸ்டார்ட்டராக இருந்தால் கரண்ட் திரும்பி வந்தாலும் பொத்தானை அழுத்தாமல் மோட்டார் ஓடாது. வெறும் கைப்பிடி சுவிட்சில் ஓடும் பழைய மிஷினாக இருந்து, அதை அணைக்க மறந்திருந்தால், கரண்ட் வந்த நொடியில் ஓடிவிடும். பல மில்களில் ஜெனரேட்டரும் உண்டு. ஈ.பி. மெயினை அணைத்து அதில் பூட்டு போட்டவர், சேஞ்ச் ஓவர் சுவிட்சை இன்னொருவர் ஜெனரேட்டர் பக்கம் தள்ளுவார் என்று எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். அதனால்தான் பூட்டு மாட்டவேண்டிய இடம் மில்லின் மெயினில் இல்லை. சேஞ்ச் ஓவருக்குப் பிறகு, அந்தந்த மிஷினுக்கென்று தனியாக இருக்கும் சுவிட்சில் அது மாட்டப்படவேண்டும். எந்த வழியில் மின்சாரம் வந்தாலும் அந்த வாசலைத் தாண்டாது.

மின்சாரத்தை அடைத்துவிட்டால் மட்டும் மிஷின் செத்துவிடுவதில்லை. பேண்ட் சாவின் சக்கரங்கள் கனத்தவை. மோட்டார் நின்றபின்னும் அவை நெடுநேரம் சத்தமில்லாமல் சுற்றும். மோட்டார் ஓசை அடங்கியதும் மிஷின் நின்றுவிட்டது என்று காது சொல்லும். அந்தக் காதை நம்பியவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள். பிளேடு, எடைக்கல்லாலோ திருகாலோ இழுத்து விறைப்பாக நிறுத்தப்பட்டிருக்கிறது. அந்த விறைப்பைத் தளர்த்தாமல் கழற்றினால் பட்டை துள்ளிச் சீறும். டிராலியில் அரைகுறையாக நிற்கும் தடி உருளும். ஹைட்ராலிக் இருந்தால் எண்ணெய்யில் அழுத்தம் நிற்கும். காற்றில் இயங்கும் பாகம் இருந்தால் குழாயில் காற்று நிற்கும். பவர் ஃபேக்டருக்காக மாட்டிய கெப்பாசிட்டரில் சுவிட்சை அணைத்தபின்னும் மின்னூட்டம் இருக்கும். பூட்டு முறை என்பது இவை அனைத்தையும் சேர்த்துத்தான். சக்கரம் முழுக்க நிற்கும்வரை காத்திருக்கவேண்டும், விறைப்பைத் தளர்த்தவேண்டும், தடிக்கு அண்டை கொடுக்கவேண்டும், அழுத்தத்தை வெளியேற்றவேண்டும்.

கடைசியாக ஒரு படி. முழு முறையிலும் மிக மலிவானதும் மிக அதிகமாகத் தவிர்க்கப்படுவதும் அதுதான். பூட்டிய பின், பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பச்சைப் பொத்தானை வேண்டுமென்றே அழுத்திப் பார்ப்பது. மிஷின் ஓடக்கூடாது. ஓடினால் தவறான சுவிட்சைப் பூட்டியிருக்கிறோம். பெயர் அழிந்த சுவிட்ச் போர்டுகளும், பத்து வருடத்தில் நாலு வயர்மேன்கள் மாற்றி மாற்றி இழுத்த வயர்களும் உள்ள மில்லில் இது நடக்காத விஷயம் இல்லை. கை உள்ளே போவதற்கு முன் தெரிந்துகொள்ளும் தவறு வெறும் தவறு; கை போனபின் தெரிந்தால் அது விபத்து.

சரி, கவனக்குறைவுதான் காரணம் என்ற எண்ணம் இவ்வளவு ஆழமாக எப்படி வேரூன்றியது? அதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் டிராவலர்ஸ் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெர்பர்ட் ஹைன்ரிச் 1931இல் தொழிலக விபத்துத் தடுப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். விபத்துகளில் 88 சதவீதம் தொழிலாளியின் பாதுகாப்பற்ற செயலால் வருபவை, 10 சதவீதம் பாதுகாப்பற்ற சூழலால், 2 சதவீதம் தவிர்க்க முடியாதவை என்றார். அந்த 88 உலகம் முழுக்கப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகளில் வேதவாக்காக ஓதப்பட்டது. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? முடித்துவைக்கப்பட்ட காப்பீட்டுக் கோப்புகளிலிருந்தும் ஆலை முதலாளிகள் வைத்திருந்த பதிவுகளிலிருந்தும். விபத்து ஏன் நடந்தது என்று அந்தப் பதிவுகளை எழுதிவைத்தது ஆலை நிர்வாகம். கை போனவரின் தரப்பு அதில் இல்லை. மூலக் கோப்புகளும் இன்று இல்லை. அதனால் அந்தக் கணக்கை யாரும் சரிபார்க்க முடியாது. பிற்காலத்தில் பிரெட் மானுயல் போன்ற பாதுகாப்பு வல்லுநர்கள் இதையெல்லாம் சுட்டிக்காட்டி அந்த விகிதத்தை ஏற்க முடியாது என்று விரிவாக எழுதினார்கள். இருந்தும் எண் போகவில்லை. எல்லாருக்கும் வசதியான எண் அவ்வளவு எளிதில் போவதில்லை. நம் மில்களில் ஹைன்ரிச்சின் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவர் செய்ததைத்தான் நாமும் செய்கிறோம். காரணத்தை எழுதும் பேனா ஒரு தரப்பிடம் இருக்கிறது. அது மறுதரப்பின் மீது பழியை எழுதுகிறது.

நம் நாட்டுச் சட்டம் அப்படி எழுதவில்லை என்பதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 22ஆம் பிரிவில், ஓடும் இயந்திரத்தின் அருகே கைவைக்கும் வேலையை விதிவிலக்காகவே நடத்தியது. அப்படிச் செய்தே தீரவேண்டிய வேலைக்கு, தனிப் பயிற்சி பெற்று, பதிவேட்டில் பெயர் ஏறிய, உடலோடு ஒட்டிய உடை அணிந்தவரை மட்டுமே அனுமதித்தது. அந்த இறுக்கமான உடையையும் நிர்வாகமே கொடுக்கவேண்டும் என்றது. 24ஆம் பிரிவில் 1976இல் ஓர் உட்பிரிவைச் சேர்த்தார்கள். மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி தவறுதலாக இயங்கும் நிலைக்கு நகரக்கூடியதாக இருந்தால், அதைப் பாதுகாப்பான நிலையில் பூட்டிவைக்க ஏற்பாடு இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். பூட்டு நம் சட்டத்தில் ஏறி அரை நூற்றாண்டு ஆகிறது. அமெரிக்கா இதற்கென்று தனி விதியை அறிவித்ததே 1989இல்தான். ஆகவே, "இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் கொண்டுவந்த சம்பிரதாயம், நமக்குச் சரிப்படாது" என்பவர்களுக்குப் பதில் நம் சட்ட வரலாற்றிலேயே இருக்கிறது.

இழப்பீட்டுச் சட்டத்தையும் பாருங்கள். 2025 வரை நடப்பில் இருந்த, 1923ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், தொழிலாளி அசட்டையாக இருந்தார் என்ற ஒரே காரணத்துக்காக முதலாளியை விடுவிக்கவில்லை. குடிபோதையில் இருந்தார், பாதுகாப்புக்காகத் தெளிவாக இட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறினார், காப்புச் சாதனத்தைத் தெரிந்தே கழற்றினார் என்பன போன்ற சில நிலைகளில் மட்டுமே விலக்கு. உயிர் போனாலோ முழு ஊனம் நிரந்தரமானாலோ அந்த விலக்கும் இருக்கவில்லை. அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உறுப்பிழப்புக்கெல்லாம் விகிதம் போட்டிருந்தது. சம்பாதிக்கும் திறனில் கட்டைவிரல் போனால் 30 சதவீத இழப்பு. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. பேண்ட் சாவில் தடியைத் திருப்பிப் பிடித்தே பிழைக்கும் ஒருவருக்கு நான்கு விரல் போனால் அந்தத் தொழிலில் மிச்சமிருப்பது 50 சதவீதம் இல்லை, சுழி. இழப்பீடு வேண்டும், சண்டை போட்டாவது வாங்கவேண்டும். ஆனால் எந்த அட்டவணையும் விரலைத் திருப்பித் தராது. ஒரு பூட்டு அதை இழக்காமல் காக்கும்.

இனி மில்காரர்கள் நியாயமாகவே எழுப்பும் கேள்விகளுக்கு வருகிறேன். முதல் கேள்வி நேரம். அறுப்புக் கூலி கன அடிக்கு இவ்வளவு என்று பேசப்படும் தொழில் இது; மிஷின் நிற்கும் நிமிடமெல்லாம் நட்டம் என்பது புரிகிறது. ஆனால் பூட்டவேண்டிய வேலைகள் எவை? பிளேடு மாற்றுவது, குழி சுத்தம் செய்வது, பெல்ட் மாற்றுவது, பேரிங் பார்ப்பது. இவை எல்லாவற்றுக்கும் மிஷின் எப்படியும் நின்றே ஆகவேண்டும். நின்ற மிஷினின் சுவிட்சில் பூட்டு மாட்டவும் பொத்தானை அழுத்திப் பார்க்கவும் ஆகும் நேரம், பிளேடைச் சக்கரத்தில் ஏற்றி ஓட்டம் பார்த்து விறைப்பேற்றும் நேரத்தில் ஒரு சிறு பங்கு. அறுக்கும் ஓட்டத்திலேயே வரும் சின்னச் சரிக்கட்டுகளுக்கு, வேறு பாதுகாப்பு இருக்கும் பட்சத்தில், அமெரிக்க விதியே விலக்குக் கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு பலகைக்கும் ஒருமுறை பூட்டச் சொல்லி எவரும் கேட்கவில்லை. உடம்பின் ஏதாவது ஒரு பாகம், மிஷின் ஓடினால் நசுங்கும் இடத்துக்குள் போகிறதா என்பதுதான் அளவுகோல். போகிறதென்றால் பூட்டு.

அந்த அமெரிக்க விதியைத் தொழிற்பாதுகாப்பு நிர்வாகமான ஓஷா 1989இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் ஆண்டுக்குச் சுமார் 120 மரணங்களும் 50,000 காயங்களும் தவிர்க்கப்படும் என்பது அந்த நிர்வாகத்தின் மதிப்பீடு. நேரம் விலைமதிப்பில்லாதது என்று நம்பும் ஒரு தொழில்நாடு, கணக்குப் பார்த்துவிட்டுத்தான் பூட்டைத் தேர்ந்தெடுத்தது.

இரண்டாவது கேள்வி: "நாங்க அஞ்சாறு பேர் வேலை செய்யற சின்ன மில். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டுதானே இருக்கோம். பெரிய கம்பெனி சட்டமெல்லாம் எங்களுக்கு எதுக்கு?" பெரிய ஆலையில் பாதுகாப்பு அதிகாரி இருக்கிறார், தனி மின்பிரிவு இருக்கிறது, மிஷின்களுக்குத் தனித்தனி பேனல் இருக்கிறது. சின்ன மில்லில் ஒரே ஆள் ஆபரேட்டர், ஃபிட்டர், சாணைக்காரர் எல்லாமாக இருக்கிறார். முதலாளியின் மகனும் சுவிட்சைத் தொடுவார். மரம் கொண்டுவந்த வண்டிக்காரரும் உதவி செய்கிறேன் என்று தொடுவார். இப்போது பல மில்களில் ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். தமிழில் போடும் சத்தம் அவர்களுக்குப் பாதி புரியும், அவர்கள் சொல்வது நமக்குப் பாதி புரியும். மிஷின் சத்தத்தில் அந்தப் பாதியும் போய்விடும். சுவிட்சில் தொங்கும் பூட்டை எந்த மொழிக்காரரும் புரிந்துகொள்வார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்வார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள ஆளில்லாத சின்ன மில்லுக்குத்தான் பூட்டு பெரிய மில்லைவிட அவசியம்.

செலவையும் சொல்லிவிடலாம். ஆளுக்கு ஒரு பூட்டு, ஒவ்வொரு பூட்டுக்கும் அதற்கென்று ஒரே ஒரு சாவி, பெயர் எழுதிய அட்டை. ஒரே சுவிட்சில் பலர் பூட்டு மாட்டுவதற்குப் பல துளைகள் உள்ள கொண்டி. பூட்ட வசதியில்லாத பழைய சுவிட்சுக்குப் பதிலாக, கைப்பிடியில் பூட்டுத் துளை உள்ள புது சுவிட்ச். இதில் சுவிட்ச்தான் பெரிய செலவு. அதுவும் மில்லில் வாங்கி வாங்கித் தேய்க்கும் பிளேடுகளின் செலவோடு ஒப்பிட்டால் ஒரு தடவை செய்யும் செலவு. மோட்டார் எரிந்தால் அன்றைக்கே காசு புரட்டி ரீவைண்டிங்குக்குக் கொடுக்கிறோம். கை போவதற்கு முன் செய்யவேண்டிய செலவுக்கு மட்டும் காசில்லை என்பது நம்பத்தக்கதல்ல.

மூன்றாவது வாதம், "எங்க ஆளுங்க அனுபவசாலிங்க." அனுபவம் கையின் திறமையைக் கூட்டும், சுவிட்சின் அருகில் நிற்பவரின் மனத்தைப் படிக்கும் சக்தியைத் தராது. அதோடு, மிஷினின் உட்பக்கம் அதிகமாகக் கைவிடுபவர் அனுபவசாலிதான். புதுப்பையனை யாரும் பிளேடு மாற்ற விடுவதில்லை. ஆபத்தில் அதிக நேரம் இருப்பவருக்கு அனுபவத்தைத் தவிர வேறு கவசம் கொடுக்க மறுப்பது மரியாதை ஆகாது.

நான்காவதாக, "சுவிட்ச் மேல 'ஆள் வேலை செய்கிறார், போடாதே'ன்னு அட்டை மாட்டறோம், ஒருத்தரைக் காவலுக்கு நிறுத்தறோம், போதும்" என்பார்கள். அட்டை வேண்டுகோள் விடுக்கிறது, தடுப்பதில்லை. காற்றில் விழும், தூளில் மறையும், அடுத்த ஷிஃப்ட்காரர் பழைய அட்டை என்று கழற்றிவிடுவார். காவலுக்கு நிற்பவரை ஐந்து நிமிடத்தில் யாராவது தடி புரட்டக் கூப்பிடுவார்கள். நம் ஊர் வயர்மேன்கள் இதை எப்போதோ உணர்ந்துகொண்டார்கள். பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வேலை தொடங்குவார்கள். மின்வாரிய லைன்மேன்கள் எல்.சி. எனப்படும் லைன் கிளியர் அனுமதி வாங்காமல் கம்பத்தில் ஏறக்கூடாது என்பது விதி. ஏறியவர் இறங்கி அதைத் திருப்பித் தரும்வரை அந்த லைனுக்கு மின்சாரம் விடக்கூடாது. மின்சாரத்தைத் திறக்கும் அதிகாரம், ஆபத்தில் இருப்பவரிடம் இருக்கவேண்டும் என்ற அறிவு நம் ஊரில் முளைத்தே இருக்கிறது. பியூஸ் கட்டைக்குப் பதில் வேறு கட்டையைச் சொருகிவிட முடியும் என்ற ஓட்டையைப் பூட்டு அடைக்கிறது.

"பூட்டு மாட்டினவன் சாவியோட வீட்டுக்குப் போயிட்டா?" என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. அவர் மில்லுக்குள் எங்கும் இல்லை என்பதை நேரில் தேடி உறுதிசெய்யவேண்டும். அவரிடம் பேச முயலவேண்டும். மிஷினுக்குள் எவரும் இல்லை என்று பார்க்கவேண்டும். அதன்பிறகு பொறுப்பில் இருப்பவர் ஒருவர் மட்டும் பூட்டை அகற்றலாம். மறுநாள் வேலையில் இறங்குவதற்குள் பூட்டுக்காரருக்கு அதைச் சொல்லிவிடவேண்டும். மாற்றுச்சாவியை மேஸ்திரி மேசையில் போட்டுவைப்பது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. மாற்றுச்சாவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் பூட்டு வெறும் அலங்காரம்.

கடைசி வாதம்தான் மிகவும் வருத்தம் தருவது: "தொழிலாளியே பூட்ட மாட்டேங்கறான், நாங்க என்ன செய்ய?" கன அடிக் கணக்கில் கூலி பேசி, மிஷின் நின்றால் முகம் சுளித்து, பூட்டு எடுத்தவரை "பெரிய இன்ஜினியர் வந்துட்டார்" என்று கிண்டல் செய்யும் இடத்தில் யார் பூட்டுவார்? அவசரத்தை விதைத்தவர் அவசரத்தைக் குறை சொல்லக்கூடாது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மில் மில்லாகப் பாருங்கள். பிசின் சுரண்டி, தூள் தட்டி, சக்கரத்தின் இண்டு இடுக்கெல்லாம் துணி விட்டுத் துடைக்கிறார்கள். வருடத்தில் அதிகமான கைகள் மிஷினுக்குள் போகும் நாட்களில் அதுவும் ஒன்று. பொட்டு வைத்துக் கும்பிடும் அளவுக்கு மிஷினை மதிக்கும் தொழிலாளி, தன் கையை மதிக்கமாட்டார் என்று எப்படிச் சொல்கிறோம்? முதலாளி முதலில் தன் பெயர் எழுதிய பூட்டை வாங்கி, தானும் மிஷினைத் தொடும்போதெல்லாம் மாட்டட்டும். பூட்டு மாட்டிய நிமிடத்துக்குக் கூலி பிடிக்கமாட்டேன் என்று சொல்லட்டும். ஒரே மாதத்தில் பழக்கம் வரும்.

அரசையும் கேட்கவேண்டியிருக்கிறது. உரிமம் இல்லாத அறுவை மில்களை ஓடவிடக் கூடாது என்று 2002 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. காட்டைக் காக்க வந்த நல்ல உத்தரவு. அதன் பலனாக எந்த ஊரில் எந்த மில் இருக்கிறது என்ற கணக்கு அரசிடம் இருக்கிறது. தடி எங்கிருந்து வந்தது என்று பதிவேடு காட்டச் சொல்லும் அரசு, அதே படிவத்தில் சுவிட்சுக்குப் பூட்டு இருக்கிறதா என்று ஒரு வரி கேட்கலாம். மின்சக்தியில் ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் தொழிற்சாலை என்றது 1948ஆம் ஆண்டுச் சட்டம். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த 10ஐ 20 ஆக்கியது. ஐந்தாறு பேர் உழைக்கும் மில்கள் ஏற்கெனவே வெளியே நின்றன. இப்போது பதினைந்து பேர் உழைக்கும் மில்லும் தொழிற்சாலை என்ற வரையறைக்கு வெளியே போகிறது. பட்டை ரம்பம் ஆள் எண்ணிக்கை பார்த்து வெட்டுவதில்லை. மின்னிணைப்பும் மில் உரிமமும் கொடுக்கும்போதே பூட்டக்கூடிய சுவிட்சைக் கட்டாயமாக்க வேண்டும். மார்ச் 4ஆம் தேதி தேசியப் பாதுகாப்பு தினத்தில் உறுதிமொழி வாசித்துக் கலையும் பழக்கத்தைவிட, அந்த நாளில் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தினர் மில் மில்லாகப் போய்ப் பூட்டையும் கொண்டியையும் கொடுத்து மாட்டிக் காட்டினால் பயன் உண்டு.

இனி ஒரு விபத்து நடந்தால், விசாரிக்கப் போகிறவர்கள் கேள்வியை மாற்றவேண்டும் என்பதே என் கோரிக்கை. "நீ ஏன் கவனமாக இல்லை?" என்று கட்டிலில் கிடப்பவரைக் கேட்பதை நிறுத்துங்கள். அந்த மிஷினுக்குத் தனி சுவிட்ச் இருந்ததா? அதைப் பூட்ட முடியுமா? அவருக்கென்று பூட்டு கொடுத்திருந்தீர்களா? மாட்டக் கற்றுக்கொடுத்தீர்களா? மாட்டுவதற்கு நேரம் கொடுத்தீர்களா? அவர் உள்ளே இருந்தபோது சாவி யாரிடம் இருந்தது? இந்த ஆறு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியவர் மில்லை நடத்துபவர். அவர் பதில் சொல்லும்வரை கோப்பில் 'கவனக்குறைவு' என்று எழுத யாருக்கும் உரிமை இல்லை.